விரிப்பு மடிக்க இரண்டு பேர்

அமெரிக்க வரலாற்றுத் தாளில் நான் இரண்டு முறை கோட்டை விட்டவள். இரண்டு முறையும் காலை வாரியது கலைச்சொற்கள் பகுதிதான். அடிமை ஒழிப்பு, வாக்குரிமை, மதுவிலக்கு இயக்கம், இனப்பிரிவினை, கூட்டுப்பேரம் என்று நாற்பது சொற்கள். வீட்டில் கடகடவென்று ஒப்பிப்பேன். பரீட்சை அறையில் உட்கார்ந்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. தவறினால் அஞ்சல்வழிப் பட்டமும் இல்லை, மருத்துவமனை மாடியில் பதிவேட்டு அறை வேலையும் இல்லை.

இப்போது எனக்கு வேலை அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்பு மடிப்பது. எதிர்ப்பக்கம் நின்று மடிப்பவள் என் கணவரின் அக்கா; அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வேலையும் அவளோடு, வீடும் அவளோடு. மாமியார் இல்லாத குறையே தெரியாமல் உன் அக்கா பார்த்துக்கொள்கிறாள் என்று கணவரிடம் குத்திக்காட்டுவேன்.

கூடத்துக்குள் காகிதம் கொண்டுபோகக் கூடாது. ஒரு துண்டுச் சீட்டு இயந்திரத்துக்குள் போனால் அத்தனை துணியும் பாழ்.

"அதனாலென்ன, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்," என்றாள் அண்ணி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காலையில் பஸ்ஸில் ஐந்து சொற்களை விளக்கத்தோடு படித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

விரிப்பின் இரண்டு முனைகளை அவளும் இரண்டு முனைகளை நானும் பிடித்து, உதறி, இழுத்து, நடந்துவந்து சேர்க்க வேண்டும். சேரும் இடத்தில் கேள்வி கேட்பாள். பதில் சரியென்றால்தான் துணியை என் கையில் விடுவாள், தப்பென்றால் உடும்புப்பிடிதான்.

"வாக்குரிமை?"

"ஓட்டுப் போடுற உரிமை. பொம்பளைங்க மாநாடு கூட்டிக் கேட்டது 1848. நாட்டுக்கே சட்டமானது 1920."

"எழுபத்திரண்டு வருஷமா! அப்ப மொதல்ல கேட்டவங்க?"

"முக்காவாசிப் பேர் ஓட்டே போடாம செத்துப்போயிட்டாங்க அண்ணி."

பதில் சரிதான். ஆனாலும் அவள் துணியை விடவில்லை. "தெரிஞ்சேவா கேட்டாங்க?" என்றாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மேற்பார்வையாளர் கையை விரித்துவிட்டார். "விரிப்பு மடிக்க ரெண்டு பேர் வேணும். மாத்து ஆள் இல்ல. லீவு கிடையாது."

அண்ணிதான் முன்னால் வந்தாள். "நான் ஒருத்தியே மடிச்சுத் தர்றேன். ஒண்ணு குறைஞ்சாலும் என்னைக் கேளுங்க. இவ போகட்டும்."

போனேன். சொற்கள் ஒவ்வொன்றும் அவள் குரலிலேயே வந்தன. வாக்குரிமைப் போராட்டம் பற்றிப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. 'தங்களுக்குக் கிடைக்காமலே போகலாம் என்று தெரிந்தும் அடுத்தவர்களுக்காகக் கேட்டார்கள்' என்று எழுதும்போது என் கண்முன் நின்றது சரித்திரத்துப் பெண்கள் இல்லை.

மாலையில் கூடத்துக்கு ஓடினேன். துணியின் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுபக்கத்தை இழுத்து இழுத்து நூற்றெழுபது விரிப்புகளையும் மடித்து அடுக்கியிருந்தாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஒரு வாரம் நான்தான் அவளுக்குத் தலைவாரிவிட்டேன்.

"இந்த நன்றிக்கடனை எப்படி அண்ணி தீர்ப்பேன்?" என்றேன் ஒருநாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சும்மா இரு. சிக்கைப் பாத்து எடு, வலிக்குது," என்றாள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அறுபத்தொரு மதிப்பெண். சொன்னதுதான் தாமதம், அண்ணி கூடமே அதிரக் கத்தினாள்:

"நாங்க பாஸாயிட்டோம்!"

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "நீ எப்பம்மா பரீட்சை எழுதின?"

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"தனியா நின்னு மடிச்சாங்களே சார், அன்னிக்குத்தான்."