மதிப்புள்ள காப்பீடு

மனிதன் சாவான், கம்பெனி சாகாது, தனக்காக உழைத்தவனையும் அவன் பெண்டாட்டியையும் அது கடைசி மூச்சுவரை கைவிடாது... இது லியோனாவின் புருஷன் காஸ் உதிர்த்த வேதவாக்கு. உதிர்த்தவன் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது, சாகாத கம்பெனியோ அதற்குள் மூன்று முறை செத்து மூன்று பெயரில் பிறந்து இப்போது பூனைத் தீனி விற்கிறவர்கள் கையில் இருக்கிறது, டொலிடோ ஊரில் பாதி வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருந்த கண்ணாடி ஆலையின் வாசலில் நாக்கைச் சுழற்றும் ஒரு பூனைப் படம், என்று நினைத்துச் சிரிக்கப் போனாள் லியோனா, சிரிக்கவில்லை, ஏனென்றால் இடது பக்கத்து நாற்காலியில் காஸ் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டான், அது தெரியும், அதனால்தான் திரும்புவதில்லை. வசந்தகாலத்திலிருந்தே இப்படித்தான், கண்ணோரத்தில், கொஞ்சம் மங்கலாக, அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் மாதிரி ஏதோ ஒன்று... அடுப்படியில் நின்றால் இடது தோளுக்குப் பின்னால், தேவாலயத்தில் இடது பக்கத்தில், ஒரு வார்த்தை பேசாமல். உயிரோடு இருந்தவரை வாய் ஓயாத மனிதன், செத்த பிறகா அடக்கம் கற்றுக்கொள்ள வேண்டும்?

முதியோர் மன்றத்துக் கூடத்தில் காபி நாற்றமும் ஈரக் கோட்டு நாற்றமும், கோடியில் மடக்கு மேசை போட்டுக் கணினியோடு திரு. ப்ரூட், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், வயசானவர்களுக்கு மருந்துக் காப்பீடு தேர்ந்தெடுக்க இலவசமாக உதவுகிறவர். இன்றைக்கு விட்டால் அரசுத் திட்டத்தில் சேர அடுத்த இலையுதிர்காலம்தான், அதனால்தான் இந்தக் கூட்டம், கடைசி நாளுக்கு முன்பே வந்து தொலைந்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்து நினைத்துக்கொள்கிறார்கள். வலது பக்கத்தில் ரோசலி, பக்கத்து வீட்டுக்காரி, அவள் காரில்தான் வந்தது, அக்டோபரில் லியோனா தன் காரால் இடப்பக்கத்துத் தபால்பெட்டிக் கம்பத்தைச் சாய்த்ததிலிருந்து ரோசலிதான் சாரதி. கம்பத்தை நட்டவனுக்கு அறிவில்லை என்று லியோனா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். “ஏண்டி, கவர்மெண்ட் திட்டத்துல சேர்ந்து தொலையேன், செத்தவரோட கம்பெனிக் காப்பீட்டக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தன நாளு அழுவ?” என்றாள் ரோசலி. “உனக்கென்ன, உன் வீட்டுக்காரர் தபால்காரர், உனக்கெல்லாம் தானா வருது.” “தானாவா வந்துச்சு? நாப்பது வருஷம் ஊர்ல இருக்கற நாய்ங்க எல்லாம் அந்த மனுஷன் கெண்டக்கால ருசி பாத்து வந்துச்சு.” முன்வரிசையில் யாரோ கக்கென்று சிரித்தார்கள். காஸ் சிரிக்கவில்லை. தபால்காரர்களை அவன் என்றைக்கும் மதித்ததில்லை.

மதிப்பு... எல்லாம் அந்தச் சொல்லால் வந்தது. வருஷா வருஷம் செப்டம்பரில் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வரும், உங்கள் மருந்துக் காப்பீடு மதிப்புள்ளது என்று, சட்டப்படி எல்லோருக்கும் அனுப்பியாக வேண்டிய தாள். காஸ் அதைத் தனக்கு வந்த பாராட்டுப் பத்திரம் என்றே எடுத்துக்கொண்டான், நவம்பர் வரை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்து, நன்றித் திருநாளன்று வான்கோழியை வெட்டும் முன் மூக்குக்கண்ணாடியைச் சரித்துக்கொண்டு எல்லோருக்கும் வாசிப்பான், “கேட்டீங்களா, மதிப்புள்ளதாம்! சூளைப் பக்கம் கங்காணியா நின்னவனுக்கு எவன்யா இப்படி எழுதுவான்?” கோழி ஆறிக்கொண்டிருக்கும், மைத்துனர்கள் கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு அர்த்தம் வேறு, அரசுத் திட்டத்துக்கு இது ஈடு, பிற்பாடு அங்கே போனால் அபராதம் இல்லை, அவ்வளவுதான், லியோனாவுக்கு அது எப்போதோ தெரியும், சொல்லவில்லை, ஒரு மனிதனிடமிருந்து எதையெல்லாம்தான் பிடுங்குவது? இந்த செப்டம்பரில் வந்த தாளில் மதிப்புள்ளதல்ல என்று இருந்தது. அதைக் குளிர்பெட்டியில் ஒட்டவில்லை, மாவு டப்பாவுக்கு அடியில் தள்ளினாள், அவன் பார்த்துவிடுவானோ என்று... யார் பார்ப்பது? கம்பெனியிலேயே இருந்தால் அபராதம் மாதா மாதம் ஏறும், ஆயுசுக்கும் இறங்காது, அரசுத் திட்டத்துக்குப் போனால் கம்பெனி கதவைச் சாத்திவிடும், மறுபடி திறக்காது. காப்பீட்டு அட்டையில் காசிமிர் ஷிமான்ஸ்கி என்று பெரிய எழுத்தில் அவன் பெயர், அடியில் சார்ந்தவர் என்று பொடியாக அவள், கல்லறைக் கல்லை விட்டால் அவன் பெயர் இன்னும் அழியாமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான், அதையும் தன் கையால் அழிப்பதா, இரண்டாவது முறை புதைப்பது போல... இத்தனைக்கும் கம்பெனி அவளுக்கு என்ன செய்தது, ஜனவரியிலேயே அவளுடைய கண் அழுத்தச் சொட்டு மருந்தைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது, அதிலிருந்து குப்பிக்கு முழு விலையும் அவள் கையிலிருந்துதான், அரசுத் திட்டத்தில் அது இருக்கிறது. ரோசலியிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. காஸின் கம்பெனி அப்படிச் செய்தது என்று எந்த வாயால் சொல்வது?

“மிஸஸ் ஷிமான்ஸ்கி, வாங்க,” என்று ப்ரூட் கூப்பிட்டார். எழுந்தபோது இடது முழங்கால் நாற்காலியில் இடித்தது, நாற்காலியை இப்படியா போடுவார்கள்? ரோசலியும் கூடவே வந்து நின்றாள், அழைக்காமலேயே. இடது பக்கத்தில் அவனும். “இந்தப் பொத்தானை அழுத்தினா கம்பெனி உங்களை விட்டுடும், நாளைக்கு மனசு மாறினா நானும் ஒண்ணும் பண்ண முடியாது, போப்பாண்டவர் வந்தாலும் முடியாது, சரியா?” என்றார் ப்ரூட். சரி என்று தலையாட்டினாள், சரியா? அழுத்தினால் அவன் எங்கே போவான், உள்ளே அடைபடுவானா, வெளியே நிற்பானா... என்னென்ன மருந்து என்று கேட்டார், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சொட்டு மருந்துக்கு வந்ததும் நின்றாள், பிறகு பெயரைச் சொன்னாள், அவர் தட்டினார். “ஒரு குப்பி எத்தன நாளைக்கு வருது உங்களுக்கு?” இரண்டு மாதம் என்றாள். ப்ரூட் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையை. “ரெண்டு மாசம் வராதே அம்மா. தினம் ரெண்டு கண்ணுக்கும் விட்டா ஒரு மாசம்தான். டாக்டர் ரெண்டு கண்ணுக்கும்தானே எழுதியிருக்காரு? விடாத கண்ணு ஓரத்துலேருந்து மங்கிடுமே.” “என்னடி இது?” என்றாள் ரோசலி, முதல் முறையாகத் தாழ்ந்த குரலில். லியோனா இடது பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினாள், சுவர் இருந்தது, கோட்டு மாட்டும் கொக்கிகள் இருந்தன, மறுபடி நேராகப் பார்த்தாள், ப்ரூட்டின் விரல் பொத்தானின் மேல் காத்திருந்தது, பின்னால் யாரோ இருமினார்கள், நேரமாகிறது என்பதற்கான இருமல். பதில் சொல்லியாக வேண்டும்.

ஜனவரியிலிருந்து அவள் வலது கண்ணுக்கு மட்டும்தான் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.