தோளுக்குக் கீழே ஒரு தையல்

குளிப்பாட்டுவதற்காகப் பாலன், இறந்துபோன தன் அண்ணன் சுகுமாறனின் சட்டையைக் கழற்றினான். மலேசியாவில், கிள்ளானின் அந்த வரிசை வீட்டு முன்வாசலில் நின்ற அத்தனை கழுத்துகளும் ஒருசேர நீண்டன. நெஞ்சின் நடுவில் நீளத் தையல் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வலது தோளுக்குக் கீழே இருந்த சின்னத் தையலைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஹார்ட் ஆபரேஷன்னாங்க, இங்க ஏன் வெட்டியிருக்கு?" மூன்றாம் வீட்டு நல்லம்மாள் துக்கத்துக்கு வந்ததையே மறந்துவிட்டாள்.

பாலன் தெலுக் பங்லிமா காராங்கில் ஃபேக்டரி சூப்பர்வைசர். ஆகவே மருத்துவமும் தெரியும்.

"தொடையிலதான் டியூப் விடுவாங்க லா. என் மேனேஜருக்கு அப்படித்தான் செஞ்சாங்க. இவங்க இடத்தை மாத்தி வெட்டியிருக்காங்க. போலீஸ்ல ரிப்போட் போட்டு, போஸ்ட்மார்ட்டம் கேப்போம்." போனை எடுத்தே விட்டான்.

சுகுமாறனின் மனைவி ரமணி முப்பது வருடமாக ரவிக்கை தைப்பவள். கொழுந்தனை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசி அந்த வரிசையில் யாரும் கேட்டதில்லை. இன்று எழுந்து நின்றாள்.

"போனை வைங்க தம்பி. இன்னொரு தடவை அவரை வெட்ட விடமாட்டேன்."

"அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்க மேனேஜருக்கு அடைப்பு. இவருக்குப் பெரிய ரத்தக் குழாய்ல உள் லைனிங் கிழிஞ்சு, ரவிக்கை லைனிங் துணியை விட்டுப் பிரியற மாதிரி பிரிஞ்சிருச்சு. ஹார்ட்டை நிறுத்திட்டு மெஷின்லேர்ந்து ரத்தம் அனுப்பணும். எந்த வழியா அனுப்புறதுங்கறதுதான் கேள்வி. தொடையிலேர்ந்து மேல தள்ளினா, லைனிங்குக்குப் பின்னாடி பூந்துரலாம். மூளைக்குப் போகாது."

ரமணி அந்தச் சின்னத் தையலின் மேல் விரலை வைத்தாள்.

"டாக்டர் ஹனீன், சின்னப் பொண்ணுதான். ரெண்டு கையிலயும் நாடி பாத்துச்சு, தொடையில பாத்துச்சு, ஸ்கேனைப் பாத்துச்சு. 'வலது கைக்குப் போற குழாய் கிழியல ஆன்டி, அதுவழியா அனுப்பினா மூளை பிழைக்கும்'னுச்சு. சொல்லிக்கிட்டே கட்டிலைத் தள்ளிக்கிட்டு ஓடுச்சு."

நல்லம்மாள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இத்தனை நாளும் ஜாக்கெட்டுக்குக் கை இறுக்கம் என்று குறை சொன்னது இவளிடமா என்று அவளுக்கே கூச்சமாயிற்று.

"அப்புறம் ஏன் அண்ணன் போயிட்டாரு?" பாலனின் குரல் உடைந்தது.

"கிட்னி நின்னுருச்சு. அந்தப் பொண்ணு ரெண்டு நாள் வீட்டுக்கே போகல. ஆனா மூணாம் நாள் கண் முழிச்சாரு. பேசினாரு."

"என்னைக் கேட்டாரா?"

கண் விழித்ததும் ரமணியிடம் தெளிவாக, ஓர் எழுத்துகூடக் குழறாமல் சுகுமாறன் சொன்னது இதுதான்: 'வெளிய பாலன் நிக்கிறானா? நான் தூங்குறேன்னு சொல்லிரு.'

"கேட்டாரு," என்றாள். "வெளிய பாலன் நிக்கிறானான்னு கேட்டாரு."

பாலன் போனைப் பைக்குள் போட்டான். துண்டை நனைத்துப் பிழிந்து அண்ணனின் முகத்தைத் துடைத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் காது மடலுக்குப் பின்னாலும் துடைத்தான். ரமணி இன்னொரு செம்பு தண்ணீர் மொண்டு அவனிடம் நீட்டினாள்.