உட்கார்ந்த அளவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அண்ணன் தையல் மெஷினுக்கு முன்னால், முக்காலியில். தைக்கத் துணி இல்லாவிட்டாலும் கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. அண்ணி ஜன்னலோர நாற்காலியில், மடியில் பள்ளிக்கூட விடைத்தாள்கள், கையில் சிவப்புப் பேனா. அம்மா கட்டில் விளிம்பில், பழைய சட்டைகளிலிருந்து எடுத்த பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் தம்பி வாசற்படியில். அவன் மெக்கானிக், கிரீஸ் பட்ட கால்சட்டையோடு துணி இருக்கும் அறைக்குள் வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பேச்சுக்குக் காரணமான தங்கை சுண்டு மட்டும் உள்ளே இல்லை. வெளியே நின்ற காரில், ஓட்டும் இருக்கையில் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேலே அவளுடைய நெற்றியும் வகிடும் தெரிந்தன.

"ஓட்டறது யாருன்னு போலீஸ் கேட்டா, வகிடுன்னு சொல்லலாம்," என்றான் அண்ணன்.

"உங்க தங்கச்சிக்குக் காது நல்லாக் கேக்கும்," என்றாள் அண்ணி, தாளிலிருந்து தலை நிமிர்த்தாமல்.

"கேக்குது!" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

சுண்டுவிரல் மாதிரி இருக்கிறாள் என்று தொட்டிலில் வைத்த பெயர், முப்பது தாண்டியும் போகவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் வீடுவீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். அவளிடம் நரம்பைக் காட்டாத கை கிடையாது. முதல் கார் வாங்கப்போகிறேன் என்று அவள் வாய் திறந்ததும், ஊசிக்குக் கை நீட்டியவர்கள் எல்லாம் தரகர்களாகிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் காட்டிய வண்டிக்குள் இருமல் மருந்து வாடை. ஒரு கணக்கர், "குழந்தை மாதிரி வளத்தேம்மா" என்று தன் வண்டியைத் தட்டிக்கொடுத்தார். காலை நேரத்தில் அந்தக் குழந்தை எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

கடைசியில் பாட்டு டீச்சர் வீட்டில்தான் இதைப் பார்த்தாள். முற்றிய பச்சை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு பதுங்கிய உடல், நீண்ட மூக்கு. டீச்சருக்கு முட்டி வீங்கி, அதில் இறங்கவும் முடியவில்லை, இறங்கினால் ஏறவும் முடியவில்லை. வேறு ஊரில் இருக்கும் மகளிடமே போய்விடுகிறார். "இந்த வாரம் பூரா நீயே வெச்சுக்கோ. உனக்குப் பொருந்தினா எழுது. பொருந்தலன்னா பக்கத்து வீட்டுத் தரகர் கேக்கறார், அவருக்குக் கொடுத்துடறேன். போன் பண்ணாதே, எனக்குச் சுருதி மட்டும்தான் கேக்குது, சொல்லு கேக்கல," என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பொருந்தினால் என்ற அந்த ஒரு சொல்லில்தான் வண்டி நின்றது. இருக்கையை முன்னால் இழுத்தால் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. தலையணை போட்டு உயர்த்தினால் கிளட்ச் எட்டாமல் கால் காற்றில் மிதித்தது.

"கண்ணு எட்டினா காலு எட்டல, காலு எட்டினா கண்ணு எட்டல," என்றான் மெக்கானிக். "பெடல் மேல அலுமினியக் கட்டை வெச்சு முடுக்கிடறேன், காலு என் பொறுப்பு. அப்படியே சைலன்சரை மாத்தி, பின்னாடி ஒரு இறக்கை வெச்சோம்னா..."

"இறக்கையா? எதுக்கு, துணி காயப்போடவா?" என்றாள் அம்மா.

"வேகமாப் போறப்ப வண்டி மேல எழும்பாம இருக்க, அத்தை."

"அவளே எழும்ப முடியாம உள்ள கிடக்கிறா. வண்டி எங்க எழும்பப்போகுது?"

சுண்டு காரைவிட்டு இறங்கி வந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர. அவன் சிரிக்காததுதான் அவளை உறுத்தியது. அவன் தலையாட்டாத எதையும் அவள் இதுவரை உடுத்தியதில்லை. அப்பா போன பிறகு, பெரியம்மா மகளின் பழைய பாவாடைகளை வெட்டித் திருத்தி அவளைப் பள்ளிக்கு அனுப்பியவன் அவன். அப்போது அவனுக்கே மீசை அரும்பியிருக்கவில்லை.

"முதல் காரு. புதுசா ஒண்ணு, சின்னதா, நாலு பேரு உக்கார்ற மாதிரி வாங்கேன்," என்றான்.

"புதுசு எனக்கு என்னைக்குப் பொருந்திச்சு? கடையில எடுத்த எதையாவது அப்படியே போட்டிருக்கேனா? பழசைத் திருத்திப் போட்டு வளந்தவ நான். இதையும் திருத்திக் கொடு."

"துணி வேற, இரும்பு வேற."

"இரும்பை யாரு வெட்டச் சொன்னா? சீட்டுக்கு மெத்தை தைச்சுக் கொடு. கறுப்பு ரெக்சின், ஆரஞ்சு நூல். தையல் வரிவரியா வெளிய தெரியணும்."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "வெளிய தெரியற தையல் கெட்ட தையல்," என்றான் அண்ணன். அவன் தொழிலில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான். "மெத்தை தைக்கிறேன். பொருந்தலன்னா வண்டியைத் திருப்பி அனுப்பிடணும். பொருந்தாத சட்டையைக்கூட நான் உனக்கு மாட்டி விட்டதில்ல."

"சரி," என்றாள் சுண்டு.

புதன்கிழமை மெத்தை வந்தது. அண்ணன் அளவு எடுக்கவில்லை. அவளுடைய எண்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். தையல் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாத வேலை. கறுப்பு, வழவழப்பு, மூலைகள் கத்தியால் சீவியது போல. மெக்கானிக் பெடல் கட்டைகளை முன்பே முடுக்கியிருந்தான். சுண்டு ஏறி உட்கார்ந்தாள். தலை கூரையில் இடித்தது. கழுத்தைச் சாய்த்தால் தொடை ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. திருப்பினால் ஹார்ன் அடித்தது.

"கோழி அடைகாக்கிற மாதிரி இருக்கு," என்றான் மெக்கானிக்.

"டேய், வாயை மூடு," என்றாள் அண்ணி. அவளுடைய உதடும் சிரிப்பில் துடித்தது. சுண்டுவே சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அண்ணன் மெத்தையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

அம்மாதான் போனாள். சுண்டு பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றாள்.

"வெட்டினது தப்பில்லடா," என்றாள் அம்மா. "நின்னவளை அளந்து, உக்காந்தவளுக்குத் தைச்சிருக்கே."

அண்ணன் மெத்தையைப் பார்த்தான். பிறகு சுண்டுவின் முழங்காலைப் பார்த்தான். இத்தனை வருடங்களில் அவளை அவன் நிற்கவைத்தே அளந்திருக்கிறான். கைகளை விரித்து, மூச்சை விட்டு, அசையாதே என்று. அவள் உட்கார்ந்து அவன் அளந்ததே இல்லை. "அட," என்றான், அவ்வளவுதான். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேராகக் காருக்குப் போனான்.

பக்கத்து இருக்கையில் அவன் அன்றுதான் முதன்முதலாக ஏறினான். ஏறினான் என்பதைவிட, குழிக்குள் இறங்குவது போல இறங்கினான். "என்னடி இது, தரை கைக்கு எட்டுது," என்றான். அவளை உட்காரச் சொல்லி, இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்புவரை ஒரு அளவு, மடிப்பிலிருந்து குதிகால்வரை ஒரு அளவு, முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்து ஒரு அளவு. அடியில் உயரம் வேண்டியதைவிட முதுகுப் பக்கம் கனம்தான் அதிகம் வேண்டியிருந்தது. அடியில் முன்னுக்குச் சரிந்த மெல்லிய பலகை போல, முதுகில் கனமாக.

"கால் கீழ வரல, நீதான் முன்னாடி வரணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு, டேப்பைச் சுருட்டியபடி, "ஆரஞ்சு நூல் எதுக்கு?" என்றான்.

சுண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தாள். "ஸ்கூல்ல நான் போட்ட பாவாடை எல்லாம் மாத்தித் தைச்சதுன்னு ஒருத்திக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னு நீ அவ்வளவு பாடுபட்டே. அழகா இருக்கு, எந்தக் கடைன்னு கேப்பாளுங்க. நானும் ஏதோ ஒரு கடை பேரைச் சொல்வேன். உன் பேரைச் சொல்லவே முடியல. இதுல தெரியட்டுமே அண்ணா."

அவன் கதவைத் திறந்தான். தாழ்வான இருக்கையிலிருந்து எழ முடியாமல் இரண்டு முறை தவித்து, மூன்றாவதில் மெக்கானிக்கின் கையைப் பிடித்து எழுந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டாவது மெத்தை தயாரானது. வரிவரியாக ஆரஞ்சுத் தையல், ஓரங்களில் இரட்டை. அண்ணி விரலால் ஒரு வரியைத் தொட்டுக்கொண்டே போய், "ஒரு தப்புக்கூட இல்லியே, எதுல சிவப்புப் போடறது?" என்றாள். சுண்டு உட்கார்ந்தாள். கிளட்ச் அடிவரை போனது. மூக்கின் நுனிவரை வண்டி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

"வா," என்றாள் அண்ணனிடம்.

வண்டி உறுமிக்கொண்டு தெருவைத் தாண்டி, ஆலை மதிலைத் தாண்டி, வெளிச் சாலைக்கு வந்தது. அண்ணன் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முதல் பெரிய திருப்பத்தில் வண்டி சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. கண்ணை மூடியிருப்பான் என்று நினைத்து ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் சாலையைப் பார்க்கவேயில்லை. அவளுடைய மெத்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்பறப்ப தோள்பட்டையில தையல் இழுக்குதா?"

"இல்ல."

"இடுப்புல?"

"இல்லண்ணா."

"இன்னொரு தரம் திருப்பு, பாப்போம்."

இன்னொரு தரம் திருப்பினாள். அதன் பிறகு மறுபடியும் ஒரு தரம். வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் கைப்பிடியை எப்போதோ விட்டிருந்தான். "எழுதிடு," என்றான். "பொருந்துதுன்னு எழுது."

சனிக்கிழமை காலையில் சுண்டு கடிதம் எழுதினாள். அன்புள்ள டீச்சருக்கு, வண்டியை நானே வைத்துக்கொள்கிறேன், தரகரிடம் சொல்லிவிடவும். பெடலுக்குக் கட்டையும் இருக்கைக்கு மெத்தையும் போட்டிருக்கிறோம். மெத்தை என் அண்ணன் தைத்தது. வேறு எதையும் மாற்றவில்லை. இதற்குள் எல்லாரும் அவள் தலைக்கு மேலே வந்து கவிந்துவிட்டார்கள். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி எழுது என்றாள் அம்மா. இறக்கை வைப்பது பற்றி டீச்சருடைய கருத்து என்னவென்று கேள் என்றான் மெக்கானிக். ஒத்தடம் சேர்ந்தது, இறக்கை சேரவில்லை. அண்ணி வாங்கி ஒரு முறை படித்து, இரண்டு இடத்தில் திருத்தி, மடித்தாள்.

சுண்டு உறையின் நாக்கில் பசை தடவி அழுத்தினாள். விலாசத்தை எழுதி, தபால்தலை ஒட்டி நிமிர்ந்தபோது, அண்ணன் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போயிருந்தான்.

"தபால்பெட்டி தெருமுனையில இருக்கு, நடந்து போனா என்னவாம்?" என்றாள் அம்மா.

"அதுல எப்ப எடுப்பாங்களோ, யாரு கண்டா?" என்று காருக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "பெரிய தபால் ஆபீஸ்லயே போட்டுடலாம். வெளிச் சாலை வழியாப் போலாம்."

பெரிய தபால் நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தினாள். அண்ணன் மெதுவாக மேலேறி வெளியே வந்து, விலாசத்தை ஒரு முறை படித்துச் சரிபார்த்து, கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டான்.