லோரோங் வீரமுத்து

மலேசியாவின் யோங் பெங் ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னவர்களின் காலடியில் ரப்பர் பால் ஊறும். சிமெண்டுத் தரையானாலும் சரி, மார்பிளானாலும் சரி. செருப்பு ஒட்டிக்கொள்ளும், கழற்றிவிட்டு ஓடப் பார்த்தால் உள்ளங்கால் ஒட்டும். யாரை இழிவாகப் பேசினார்களோ அவரை முறையாகக் கூப்பிடும்வரை விடாது. நம்மவர்களை இளக்காரம் செய்யும் அந்த மலாய்ச் சொல்லை இங்கே எழுதுவதற்கில்லை; எழுதுகிறவருக்கும் செருப்பு உண்டு.

ஒரு காலத்தில் கடைத்தெருவில் சீனி கேட்பதுபோல அதைச் சொன்னார்கள். நம்மவர்களும் சிரித்து வைத்தார்கள். கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை. அவர் குடியிருந்த லோரோங்கின், அதாவது சந்தின், பெயரே அந்தச் சொல்தான். பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லி வருடக்கணக்கில் பதாகை பிடித்தார், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். இடையில் ஒரு மழைக்காலத்தில் பால் ஊறத் தொடங்கியது. வானொலிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், அப்புறம் வரவில்லை.

போராட்டக் குழுத் தலைவர் தங்கரத்தினம், யாழ்ப்பாணத்து வம்சம், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகஸ்தர். ஊர்வலத்தில் கிருஷ்ணம்மாவுக்குப் பக்கத்தில்தான் நடப்பார். ஆனால் அவர் மகன் தேவானந்தன், கிருஷ்ணம்மாவின் மகள் சாந்தினியைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு நாளாகியும், "பாப்பம்" என்பதற்குமேல் அவர் வாயில் வரவில்லை. கிருஷ்ணம்மாவுக்கு அது நெஞ்சில் முள். அதற்காகப் போய்க் கெஞ்சவும் மனம் வரவில்லை.

போன வருடம் ஊர்க்கூட்டத்தில் ஓர் அதிகாரி சந்தின் பெயரை வாய்விட்டு வாசித்தார், ஒட்டிக்கொண்டார். யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் விழித்தார்.

"அந்தச் சந்துல முதல்ல வீடு கட்டுனது எங்கப்பா. தோட்டத்துல ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுனவரு. பேரு வீரமுத்து. சொல்லுங்க லா" என்றார் கிருஷ்ணம்மா.

"லோரோங் வீரமுத்து" என்றார் அதிகாரி. கால் வந்துவிட்டது. குறிப்பெடுத்தவர் அதையே சந்தின் புதுப் பெயராக எழுதிக்கொண்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கிருஷ்ணம்மா அழுதார், மறைக்கவுமில்லை.

தங்கரத்தினத்துக்கும் பெருமை தாங்கவில்லை. மைக்கைப் பிடித்தார். "ஒரு தோட்டக்காட்டான்ர பேரில ரோட்டு! சும்மா விஷயமே?"

பாராட்டாகத்தான் சொன்னார். தோட்டத்து ஜனங்களை அவர் வீட்டில் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். அது வசவென்று யாரும் நினைத்ததில்லை. பால் நினைத்தது. கணுக்கால்வரை ஏறியது.

"வீரமுத்து" என்றார். அசையவில்லை. "வீரமுத்து ஐயா." ஒரு கால் வந்தது. மற்றதற்கு "கிருஷ்ணம்மா" என்று பார்த்தார், "கிருஷ்ணம்மா அக்கா" என்று பார்த்தார், ம்ஹூம். கிருஷ்ணம்மா கைகட்டி நின்றார். எடுத்துக்கொடுக்கவில்லை.

"அலமாக், சொல்லுங்கோ அப்பா!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினான் தேவானந்தன்.

தங்கரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிருஷ்ணம்மாவை நேராகப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா."

கால் வந்தது.

பெண்வீட்டு முகவரி கல்யாணப் பத்திரிகையில் லோரோங் வீரமுத்து என்று தடித்த எழுத்தில் அச்சானது. கல்யாண மண்டப வாசலில், சந்தனத்துக்கும் பன்னீருக்கும் பக்கத்தில், ரப்பர் பால் பிடிக்கிற பழைய மங்குக் கிண்ணம் இரண்டைக் கிருஷ்ணம்மா கழுவி வைத்தார். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வருகிற இடம், யார் வாயில் என்ன வருமோ, எதற்கும் இருக்கட்டும் என்று.