தீர்மானத்தில் எழுதாத சொல்

ஸ்மில்யா செர்பியாவின் நோவி சாத் நகரில் ஒரு கிளை நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அங்கே பேச வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் நாஜிகளின் கூட்டாளியான ஹங்கேரியப் படை ஊர்க்காரர்களைச் சுட்டு, உறைந்த டான்யூப் ஆற்றின் பனிக்கட்டிக்கு அடியில் தள்ளிய கதை. பாதிப் பேச்சில் மொட்டைத்தலையும் கறுப்புச் சட்டையுமாகப் பதினைந்து பேர் நுழைந்து, வலக்கையை விறைப்பாக நீட்டி ஹிட்லருக்கு வணக்கம் வைத்தார்கள். ஒருவன் பேராசிரியரைக் கன்னத்தில் அறைந்தான். குறுக்கே போன ஸ்மில்யாவைத் தள்ளியதில் அவள் மணிக்கட்டு பிசகியது.

மறுநாளிலிருந்து கண்டனத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கட்சிகளும் அறிக்கை விட்டன. இவர்களை வளர்த்தது அடுத்த கட்சிதான் என்று ஒவ்வொன்றும் சொன்னது.

"செர்பியன் எப்படிங்க நாஜி ஆவான்? நம்ம தாத்தன்மாரக் கொன்னதே அவனுங்கதான?" என்று ஸ்மில்யாவிடம் கேட்டாள் ரொட்டிக் கடைக்காரி.

"அதத்தான் நானும் கேக்குறேன். ஆயிட்டானே?"

"சும்மா வேலைவெட்டி இல்லாத பசங்க. விட்டுத் தள்ளுங்க."

நகரசபை கூடியபோது ஸ்மில்யா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். 'நாஜிக் கும்பலின் தாக்குதலைக் கண்டிக்கிறோம்' என்று அவள் பகுதி உறுப்பினர் ராதிவோய் தீர்மானம் கொண்டுவந்தார். இடதுசாரித் தீவிரவாதத்தையும் சேர்க்கச் சொன்னார் ஒருவர். 'நாஜி' என்ற சொல்லே தேசத்துக்கு அவமானம் என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் இழுத்து, 'பொது இடங்களில் எல்லாவித ஒழுங்கீனத்தையும் கண்டிக்கிறோம்' என்று முடித்தார்கள்.

ஸ்மில்யா எழுந்து நின்றாள்.

"பார்வையாளர் பேசக் கூடாதும்மா, உக்காருங்க" என்றார் தலைவர்.

அவள் பேசவில்லை. உட்காரவும் இல்லை. கூட்டம் கலையும்வரை நின்றாள்.

"ஏதோ ஒண்ணு நிறைவேறிச்சேக்கா" என்று வராந்தாவில் சமாதானம் சொன்னார் ராதிவோய்.

"யாரக் கண்டிச்சீங்க தம்பி? நூலகத்துல சத்தம் போட்டுப் படிக்கிறவனையா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனாள். அவளுடைய வாக்குமூலம் தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. 'இரு தரப்பினரிடையே கைகலப்பு' என்று இருந்தது.

"எங்க தரப்புல யாரு சார் கை ஓங்கினது? அந்தப் பெரியவர் கன்னத்தக் காட்டினதா? ஹிட்லருக்கு வணக்கம் வெச்சாங்களே, அது எங்க?"

"அரசியல் வார்த்தையெல்லாம் எதுக்கும்மா?" இன்ஸ்பெக்டர் கண்ணைக் கசக்கினார். "கைய நீட்டினாங்கன்னு போட்டுடவா?"

"பஸ்ஸ நிறுத்தவா நீட்டினாங்க?"

மறுபடி தட்டினார். அடித்தது யார் என்பது அதில் இல்லை. திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது தாளில்தான் நடந்தது நடந்தபடி இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு பதினான்கு மாதம் ஓடியது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம், "உங்களுக்குக் கண்ணாடி இல்லாம தூரத்துல தெரியுமா?" என்றுகூடக் கேட்டார். கடைசியில் மூன்று பேருக்குச் சில மாதச் சிறை. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே 'நாஜி' என்று எழுதியிருந்தது.

அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து நகரசபைக்கு அனுப்பினாள். தீர்மானத்தைத் திருத்தும்படி ஒரு கடிதமும் வைத்தாள். பதில் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு பிரதி போனது. 'சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று இரண்டு வரி வந்தது. எந்தப் பிரிவு என்று கேட்டு, எரிச்சலோடு மூன்றாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தாள் ஸ்மில்யா.