காட்டோரத்துப் பனி

“உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். காட்டோரத்துல பத்தடி இடம் போதும். அவரு அதுல என்ன, தங்கமா விளைவிக்கிறாரு?”

“நானா? அவன்கிட்டயா? உனக்கு வேற வேலை இல்ல, மாருதா. போய் அடுப்புல உருளைக்கிழங்கு தீயுதான்னு பாரு.”

அக்டோபரில் நாற்றுப் பாத்திகளுக்குக் களை எடுத்தபோது நாங்கள் பேசிக்கொண்டது இது. என் கணவர் ஓயார்ஸ் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாமனார் இறந்ததும் நிலம் இரண்டானது. காட்டோரத்துத் தாழ்ந்த நிலம் மூத்தவர் ஆர்விட்ஸுக்கு. வீடும் மேட்டு நிலமும் எங்களுக்கு. பங்கு பிரித்த அன்று அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சுக்குப் பிறகு ஆறு வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. மேட்டில் எங்கள் வீட்டைவிட்டால் காற்றுக்குத் தடையே கிடையாது. விழுகிற பனியை எல்லாம் வாரிக்கொண்டு போய்க் காட்டோரத்தில் குவித்துவிடும். கடுங்குளிர் மண்ணுக்குள் இறங்காமல் காக்கும் பனிப்போர்வை இல்லாவிட்டால் ஒரு வயது நாற்று எப்படிக் குளிரைத் தாங்கும்?

டெல்பினியம் என்ற பூச்செடியின் நாற்றுகள், முந்நூற்றுச் சொச்சம். எட்டு வருடமாகப் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி, பொறுக்கி, மறுபடி மாற்றி எடுத்த விதை. அதில் ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்காமல் விதைத்துவிட்டோம். எந்த நாற்றில் நாங்கள் தேடும் நீலம் ஒளிந்திருக்கிறது என்று பூத்தால்தான் தெரியும்.

தவறு என்னுடையது. மண் ஒரு விரல் கனம் உறைந்த பிறகு ஊசியிலை மரக் கிளைகளால் பாத்திகளை ஒழுங்காகத்தான் மூடியிருந்தோம். ஜனவரி நடுவில் நான்கு நாள் குளிர் விட்டது. கிளைகளுக்கு அடியில் ஈரம் கோத்து நாற்றின் குருத்து அழுகிவிடுமோ என்று பயந்து, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். இருந்த கொஞ்சப் பனியும் உருகிவிட்டது. ஐந்தாம் நாள் மதியம் வானொலியில் சொன்னார்கள்: இன்று இரவு மைனஸ் இருபத்தாறு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்தைய இரவின் உறைபனிக்கே மண் விம்மி, ஓரத்து நாற்றுகளை வேரோடு மேலே தள்ளியிருந்தது. நூல்போன்ற வெள்ளை வேர்கள். விரலால் உள்ளே அழுத்தினேன். மண் கல்லாக இருந்தது.

“கிளையை மறுபடி போட்டா போதாதா?” என்றேன்.

“போதாது. பனி வேணும், முழங்கால் உயரத்துக்கு.” ஓயார்ஸ் காட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு சறுக்குவண்டியை இழுத்தார். “வா. இருட்ட ரெண்டு மணி நேரம்தான் இருக்கு.”

“கேக்காமலா?”

“பனியை எவன் எண்ணி வைக்கிறான்?”

முதல் வண்டிப் பனி மேட்டுக்கு வந்தது. இரண்டாவதும் வந்தது. ஒரு பாத்தியில் பாதிதான் மூடியிருந்தது. காட்டோரத்தில் மூன்றாவதை அள்ளும்போது நாய் குரைத்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து கையில் கோடாலியோடு ஆர்விட்ஸ் வந்தார். என் கையிலிருந்த மண்வாரி நழுவியது.

“ஓகோ! ஆறு வருஷமா இந்தப் பக்கம் வழி தெரியாதவனுக்கு, திருட மட்டும் தெரிஞ்சிருக்கு.”

“பனிதானே, பெரியத்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“நீ இரு, மாருதா. உன்மேல எனக்குக் கோபமில்ல. இவன் வாயில என்ன, கொழுக்கட்டையா? அள்ளினதை அங்கயே கொட்டுடா.”

ஓயார்ஸின் கழுத்து சிவந்தது. வண்டிக் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். சூரியன் மர உச்சியைத் தொட்டிருந்தது. மூச்சு மூக்கிலேயே உறையத் தொடங்கிவிட்டது. மேட்டில் திறந்து கிடக்கும் பாத்திகளைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. ஓயார்ஸின் கையைப் பிடித்தேன்.

“பேசுடா. என்ன வேணும்?” என்றார் ஆர்விட்ஸ்.

ஓயார்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

“அண்ணே, நாத்தெல்லாம் இன்னைக்கு ராத்திரி செத்துடும். பனி குடு. வசந்தத்துல இந்தக் காட்டோரத்துல எங்களுக்குப் பத்தடி இடமும் குடு.”