நடுவழியில் நின்ற பேருந்து

பணிமனையின் மாடியில் ஓட்டுநர்களுக்கென்று ஓர் ஓய்வறை இருந்தது. வரிசையாகக் கட்டில்கள், ஓயாமல் சுற்றும் மின்விசிறிகள், உள்ளே கோடியில் இரண்டு கழிப்பறைகள். முதல் வண்டி எடுப்பவர்கள் அங்கே முகம் கழுவிக்கொண்டு இறங்குவார்கள். மதிய வண்டிக்காரர்கள் அதுவரை குறட்டை விடுவார்கள். பெண் ஓட்டுநர்கள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தபோது அந்த அறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வரக்கூடாது என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்தி படியில் கால் வைத்தால் மட்டும் மேலே பேச்சு சட்டென்று நின்றுபோகும்.

மூவரில் மூத்தவளை எல்லோரும் ‘புயல்’ என்றார்கள். வழியை அடைத்து நின்ற லாரிக்காரனை ஒரே அதட்டலில் நகர்த்திய நாளிலிருந்து வந்த பெயர். அவளுடைய அண்ணனும் அங்கேதான் ஓட்டுநர், சங்கச் செயலாளரும் அவர்தான். யாருக்கு எந்தத் தடம், எந்த நேரம், எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பதையெல்லாம் அவர் தலைமையில் சங்கக் குழு பேசி முடிவெடுக்கும். மேலாளர் கையெழுத்துப் போடுவதோடு சரி. குழுவில் ஒரு பெண்கூடக் கிடையாது.

வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை மூன்று பெண்களும் தண்ணீரைத் தொடமாட்டார்கள். பணிமனையில் வேறு கழிப்பறை கிடையாது, குடித்தால் எங்கே போவது? கடைசியில் புயலுக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றாள் டாக்டரம்மா.

“இஞ்சின்ல தண்ணி இல்லாம வண்டிய எடுப்பீங்களா? உடம்பு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

உடம்பு தேறி வந்ததும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று புயல் மேலாளரிடம் கேட்டாள். அவர் சங்கத்தைக் கை காட்டினார். அண்ணனிடம் கேட்டாள்.

“குழுவுல பேசியாச்சும்மா. அடுத்த வருஷம் பின்பக்கம் ஒரு ஷெட் போடலாம்னு இருக்கோம். கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“அடுத்த வருஷம் வரைக்கும் பொறுக்கிற விஷயமாண்ணா இது?”

அண்ணன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் புயல் ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். தாகமெடுத்தபோதெல்லாம் குடித்தாள். பாதி வழியில் நூலக வாசலில் வண்டியை ஓரங்கட்டி, எழுந்து பயணிகளைப் பார்த்துச் சொன்னாள்:

“எங்க டிப்போல பொம்பளைங்களுக்குப் பாத்ரூம் இல்ல. நான் உள்ள போயிட்டு வரேன். வண்டி எங்கயும் போயிடாது.”

ஒரு சிலர் சிரித்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருத்தி, “நல்லா போயிட்டு வாம்மா, நானும் வரேன்” என்று கூடவே இறங்கினாள். அவசரமாகப் போக வேண்டிய ஒருவர் மட்டும் கொதித்துப்போனார். மறுநாளும் வண்டி நின்றது, அதற்கு அடுத்த நாளும் நின்றது. மற்ற இரண்டு பெண்களும் தங்கள் தடத்தில் அதையே செய்யத் தொடங்கினார்கள். புகார் மேலாளர் மேசைக்குப் போனது.

விசாரணையில் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்.

“நடுவழியில வண்டிய நிறுத்தலாமா?” என்றார் மேலாளர்.

“கூடாது சார். நானே சொல்றேன், தப்பு. அதனாலதான் இங்கயே ஒரு கதவு திறக்கச் சொன்னேன்.”

“சஸ்பெண்ட் பண்ண வேண்டி வரும்.”

“பண்ணுங்க. காரணம்னு என்ன எழுதப்போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. அதையே பயணிகள்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன்.”

மேலாளர் பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் உருட்டினார், கீழே வைத்துவிட்டார்.

வீட்டில் அண்ணன் தன் மனைவியிடம் பொருமித் தீர்த்தார். “தங்கச்சியே என்னை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வச்சுட்டா.”

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “நாளைக்கு ஒருநாள் மாடிக்குப் போகாம, வழியிலயும் எங்கயும் ஒதுங்காம வண்டி ஓட்டிட்டு வாங்க. வந்து தலைகுனிவைப் பத்திப் பேசலாம்.”

“இதென்ன பெரிய விஷயம்?” என்று வீறாப்பாகக் கிளம்பினார். மதியம்கூடத் தாங்கவில்லை. பணிமனைக்குள் வண்டியை விட்ட வேகத்தில் கதவை மூட மறந்து, படிகளைத் தாவித் தாவி ஏறினார். கீழே வண்டிக்காகக் காத்திருந்த தங்கை அதைப் பார்த்துவிட்டாள். அவர் இறங்கி வரும்போது அவள் அவருடைய வண்டிக் கதவை மூடிக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்கு உறைத்தது.

“இத்தனை வருஷம் இந்தப் படியில ஏறியிருக்கேன்,” என்றார். “ஏறுறேன்னு ஒருநாள்கூட நினைச்சதில்ல. ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறேன், நீயே வந்து பேசு.”

கூட்டத்தில் சலசலப்புக்குக் குறைவில்லை. “நாங்க சட்டை மாத்துற இடம்” என்றார் ஒருவர். “ஷெட் போட்டுத் தரோம்னு சொன்னோமே” என்று முணுமுணுத்தார் இன்னொருவர்.

புயல் எழுந்தாள். “பின்பக்கம் ஷெட் வேண்டாம். மாடியில நடுவுல தடுப்பு வைங்க. ரெண்டு பாத்ரூம்ல ஒண்ணு எங்களுக்கு. அப்புறம், குழுவுல ரெண்டு இடம்.”

“பாத்ரூம் கேக்க வந்துட்டுப் பதவியும் கேக்குறியா?”

“பதவி இருந்திருந்தா பாத்ரூம் கேக்க வேண்டியே வந்திருக்காது.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கேட்டவர் உட்பட. அண்ணன் சிரிக்கவில்லை. “பெண்களுக்கு வழிவிட்டு நான் குழுவுலேருந்து விலகுறேன். இன்னொருத்தர் யாருன்னு நீங்க சொல்லுங்க” என்றார். கொஞ்சம் கழித்து, சட்டை மாற்றும் இடம் என்று சொன்னவரே கையைத் தூக்கினார்: “என் இடத்தை எழுதிக்குங்க. எனக்கும் பொண்ணு இருக்கா.” வாக்கெடுப்பில் கொஞ்ச வித்தியாசத்தில்தான் தீர்மானம் தேறியது. தோற்றவர்கள் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். தடுப்பு வந்த பிறகு குறட்டை என்னவோ பழையபடியே கேட்டது.

புயலும் இன்னொரு பெண்ணும் குழுவில் சேர்ந்தார்கள். முதல் கூட்டத்துக்கு முன் புயல் மாடிச் சன்னலருகே நின்றாள். கீழே, வண்டி கழுவுகிறவர்கள் ஈரத் தரையில் குந்தியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் அவர்களைத் தாண்டித்தான் வண்டி எடுக்கிறாள். அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று அவளும் இதுவரை யோசித்ததில்லை.

கூட்டத்தில் அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

“அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்கம்மா, நம்ம சங்கம் இல்ல” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“சட்டை மாத்துற இடம்னு எங்களுக்கும் இதே மாதிரி ஒரு காரணம் சொன்னீங்க.”

“சரி, ரெண்டு கட்டில் போட்டுக் கொடுத்துடலாமா?”

“நாமளே முடிவு பண்ண வேண்டாம்,” என்று எழுந்து, படியிறங்கிப் போய் அவர்களை அழைத்தாள். நனைந்த துணியோடு உள்ளே வரத் தயங்கினார்கள். தரை ஈரமானால் துடைத்துக்கொள்ளலாம் என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

அவர்களில் வயதானவள் உட்கார்ந்து, மேசைமீது கைகளை வைத்துக்கொண்டாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

“கட்டில் எதுக்கும்மா? எங்களுக்குத் தூங்க நேரம் ஏது. காலுக்கு ரப்பர் பூட்ஸ் வேணும். வீட்டுக்குப் போறப்ப மாத்திக்கக் காய்ஞ்ச துணி வைக்க ஒரு அலமாரி வேணும். அப்புறம் இந்த மாதிரிக் கூட்டம் போட்டா எங்களுக்கும் சொல்லி விடுங்க.”

“சொல்லி விடுறது இல்லம்மா,” என்றாள் புயல். “அடுத்த தடவை நாள் குறிக்கிறப்பவே உங்களைக் கேட்டுட்டுத்தான் குறிப்போம்.”

வயதானவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “செவ்வாய்க்கிழமை வேண்டாம்,” என்றாள். “அன்னிக்குத்தான் எல்லா வண்டியும் கழுவ வரும்.”